கொழும்பு வீடுகளில் கில்லி மீன் வளர்ப்பும் இனப்பெருக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றின் பின்பக்க பல்கனியிலும் படிக்கும் அறையின் அலுமாரித் தட்டுகளிலும் பல ஆண்டுகளாக இம்மீன்களை வளர்த்து வருகிறேன். தொட்டியைப் பார்க்க வரும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கில்லி மீன் என்றால் என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?

மற்ற மீன்களைக் கொல்லும் மீன் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் கொல்லுதலைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் வந்த மயக்கம் அது. சிறு நீரோடையைக் குறிக்கும் 'கில்' என்ற டச்சுச் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. கப்பி, மொலி போன்ற குட்டி ஈனும் மீன்கள் சேர்ந்திருக்கும் அதே பெருங்குழுவில், முட்டையிடும் சிறு மீன்களைப் பொதுவாகக் கில்லி என்கிறோம். ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பாவின் தெற்கு, இரு அமெரிக்கக் கண்டங்கள் ஆகியவற்றில் இவை இயற்கையாக வாழ்கின்றன, அவுஸ்திரேலியாவில் இல்லை.

இலங்கையிலும் கில்லி மீன்கள் உண்டா?

உண்டு. ஆபிரிக்க மீன்களின் படங்களைக் கைப்பேசியில் பார்த்து ஏங்குகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுதான். அப்லோகீலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த மூன்று இனங்கள் நம் நாட்டு நீர்நிலைகளில் வாழ்கின்றன. அவற்றுள் அப்லோகீலஸ் டேயி, அப்லோகீலஸ் வேர்னெரி ஆகிய இரண்டும் இலங்கைக்கே உரியவை. முன்னதை 1892இல் ஸ்ரைன்டாக்னர் விவரித்து, இந்திய மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டேயின் பெயரை அதற்கு இட்டார். பின்னதை 1966இல் மைன்கென் விவரித்தார். மூன்றாவதான அப்லோகீலஸ் பார்வஸ் தென்னிந்தியாவிலும் உள்ளது, மூன்றிலும் சிறியது, கரையோரத்தின் சற்று உவர்ப்பான நீரையும் தாங்கக்கூடியது.

இவை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்று, விழும் பூச்சிக்காகக் காத்திருக்கும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டொன்று மேலிருந்து பார்ப்பவரின் கண்ணில் மின்னும். இவற்றின் நெருங்கிய உறவான தென்னிந்திய வரிக் கில்லியை மலையாளிகள் 'மானத்துக்கண்ணி' என்று அழைப்பது அந்தப் பொட்டினால்தான். மானத்தை, அதாவது வானத்தைப் பார்க்கும் கண் என்று அதற்குப் பொருள். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

அவற்றை ஓடையிலிருந்து பிடித்து வரலாமா?

வேண்டாம். இலங்கைக்கே உரிய இரு இனங்களும் தென்மேற்கு ஈரவலயத்தின் குறுகிய பரப்புக்குள் அடங்கியவை. சிங்கராஜா போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து எந்த உயிரினத்தையும் எடுத்து வருவது குற்றம். ஏற்கெனவே தொட்டியில் பெருக்குபவரிடம் குஞ்சுகளைப் பெறுவதே முறை. தொட்டியில் பிறந்த குஞ்சு உலர் தீனிக்கும் எளிதில் பழகும்.

கொழும்பின் வெப்பத்தில் எந்தக் கில்லி தாக்குப்பிடிக்கும்?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே தலையாயது. ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளைப் படித்துத் தொட்டியைச் சூடாக்கும் கருவி வாங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். நம்முடைய சிக்கல் அதற்கு நேர் எதிரானது. காற்றோட்டம் குறைந்த கொழும்பு வீடொன்றில் தொட்டி நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை நிற்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதற்கு மேலும் ஏறும்.

ஆபிரிக்காவின் மழைக்காட்டு ஓடைகளில் வாழும் அபியோசெமியன் பேரினத்து மீன்கள், எடுத்துக்காட்டாகக் காபோன் நாட்டின் யாழ்வால் கில்லி, 21 முதல் 24 பாகை வரையிலான நீரில் நன்றாக இருப்பவை. கொழும்பில் அவை உடனே இறந்துவிடா. ஆனால் முட்டையிடுவது குறையும், நோய் எளிதில் தொற்றும், ஆயுள் சுருங்கும். நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ வீடிருப்பவர்கள் அவற்றை வளர்க்கட்டும். நைஜீரியா, கமரூன் நாடுகளின் கார்ட்னரி ஓரளவு தாங்கும். 26 பாகைக்குள் வைத்திருக்க முடிந்தால் நல்லது. கிழக்கு ஆபிரிக்கப் புல்வெளிக் குட்டைகளில் வாழும் நொதோபிராங்கியஸ் மீன்கள் பகலில் சூடேறும் நீருக்குப் பழகியவை. நம் நாட்டு அப்லோகீலஸ் மீன்களுக்கோ கொழும்பின் வெப்பம் பிறந்த வீட்டு வெப்பம்.

வெப்பம் ஆயுளைக் குறைக்கும் என்பது வளர்ப்போரின் ஊகம் மட்டுமன்று. தென் அமெரிக்கக் கில்லி ஒன்றைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தபோது அது கூடுதலாக வளர்ந்து கூடுதல் காலம் வாழ்ந்ததென்று 1966இலேயே ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

தொட்டியைக் குளிர்விக்க விரும்பினால் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியால் காற்றை வீசச் செய்யலாம். நீர் ஆவியாகும்போது இரண்டு பாகை வரை இறங்கும். காற்றில் ஈரப்பதன் மிகுந்த நாளில் அந்தப் பயனும் குறைந்துவிடும். பனிக்கட்டிப் போத்தலைத் தொட்டிக்குள் மிதக்கவிடுவது நல்லதன்று. வெப்பநிலை திடீரென்று இறங்கி ஏறுவது, நிலையான 29 பாகையைவிட மீனுக்குக் கெடுதல்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

நொதோபிராங்கியஸ் அல்லது அப்லோகீலஸ் பார்வஸ் சோடி ஒன்றுக்குப் பத்து முதல் பதினைந்து லீற்றர் போதும். டேயிக்கு 45 சென்ரிமீற்றர் நீளத் தொட்டியாவது வேண்டும். பத்து சென்ரிமீற்றர் வரை வளரக்கூடிய வரிக் கில்லிக்கு 60 லீற்றருக்குக் குறையக் கூடாது. உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். மெல்லிய காற்றோட்டத்தில் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதும். வலிய நீரோட்டம் இவற்றுக்குப் பிடிக்காது. மிதக்கும் செடிகளை நிறைய விடுங்கள்.

மூடி கட்டாயமா?

கட்டாயம். கில்லி பாயும். ஒருமுறை, காற்றுக் குழாய் நுழைவதற்காக மூடியின் மூலையில் விட்டிருந்த இரண்டு விரல் அகல இடைவெளியால் என்னிடமிருந்த மிக நல்ல ஆண் மீன் வெளியேறி, மறுநாள் காலையில் புத்தக அலுமாரியின் அடியில் கருவாடாகக் கிடந்தது. கண்ணாடி மூடியின் இடைவெளிகளை நுளம்பு வலைத் துண்டாலோ பஞ்சாலோ அடைத்துவிடுங்கள்.

குழாய் நீரை அப்படியே ஊற்றலாமா?

கொழும்பின் குழாய் நீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. அந்நீர் மென்மையானது, பெரும்பாலான கில்லிகளுக்கு ஏற்றது. அதிலுள்ள குளோரினே பகை. வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் காற்றோட்டத்தோடு விடுங்கள், அல்லது மீன் கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலைச் சில துளிகள் இடுங்கள். குழாயைத் திறந்ததும் மருந்து வாசனை கடுமையாக வீசும் நாட்களில் நான் நீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவேன். வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றினால் போதும். நொதோபிராங்கியஸ் மீன்கள் நிறையத் தின்று நிறையக் கழிப்பவையாதலால் அவற்றுக்கு இருமுறை மாற்ற வேண்டும்.

கடலுக்கு அருகிலுள்ள வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளின் கிணற்று நீர் சில இடங்களில் உவர்ப்பாக இருக்கும். அதை டேயிக்கும் வேர்னெரிக்கும் பயன்படுத்த வேண்டாம்.

கொட்டம்பா இலை போடுவது பயனுள்ளதா?

ஆம். மரத்திலிருந்து தானாக உதிர்ந்து நன்கு காய்ந்த இலையைக் கழுவிப் பத்து லீற்றருக்கு ஒன்று வீதம் போடலாம். நீர் தேநீர் நிறம் பெற்று, சற்று அமிலத் தன்மை அடையும்; மீன்களின் அச்சமும் குறையும். காலி வீதியின் வாகனப் புகை படிந்த இலைகளை எடுக்க வேண்டாம்.

என்ன தீனி கொடுப்பது? நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துப் போடலாமா?

கில்லிகள் உயிருள்ள தீனியை விரும்புபவை. அப்லோகீலஸ் மீன்கள் மிதக்கும் உலர் தீனிக்குப் பழகிக்கொள்ளும். நொதோபிராங்கியஸ் பெரும்பாலும் அதைத் திரும்பியும் பாராது. ஆர்ட்டீமியா எனப்படும் நுண்ணிய உப்புநீர் இறால், மொயினா எனப்படும் நன்னீர்த் தெள்ளு, கடைகளில் கிடைக்கும் செம்புழு ஆகியன நல்லவை. செம்புழு சாக்கடைச் சேற்றில் வளர்வதால், இரண்டு நாளாவது ஓடும் நீரில் கழுவி வைத்த பின்னரே கொடுங்கள்.

நுளம்புக் குடம்பி இவற்றுக்கு இயற்கையான உணவு. முட்டையிடவிருக்கும் பெண் மீனைத் தேற்றுவதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் தீனிக்காக வாளியில் குடம்பி வளர்ப்பதைக் கொழும்பில் நினைத்தும் பார்க்காதீர்கள். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வீட்டு வளவில் நுளம்பு பெருகும் நிலையை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். டெங்குச் சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அது மீன் தீனி என்று விளக்கிப் பயனில்லை. சட்டம் கிடக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பல்கனியில் நீர்ச்செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் அதற்குள் இரண்டு அப்லோகீலஸ் மீன்களை விட்டால், தப்பித் தவறி இடப்படும் நுளம்பு முட்டைகளின் குடம்பிகள் அங்கேயே இரையாகிவிடும்.

ஆணையும் பெண்ணையும் எப்படி அடையாளம் காண்பது?

நொதோபிராங்கியஸில் ஆண் செம்மையும் நீலமுமாக ஒளிரும். பெண் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அப்லோகீலஸில் ஆணுக்கு நிறம் கூடுதலாகவும் குதத்துடுப்பு நீண்டு கூர்மையாகவும் இருக்கும்.

நம் நாட்டுக் கில்லியை முட்டையிடச் செய்வது எப்படி?

ஓர் ஆணோடு இரண்டு அல்லது மூன்று பெண் மீன்களை விடுங்கள். ஒரே ஒரு பெண்ணை விட்டால் ஆண் ஓயாது விரட்டி அதை நலியச் செய்துவிடும். இவை நீர்ச்செடிகளின் இலைகளிலும் வேர்களிலும் நாளுக்குச் சில முட்டைகளாகத் தொடர்ந்து இடுபவை. செடிக்குப் பதிலாக நூற்குஞ்சம் ஒன்றைத் தொங்கவிட்டால் முட்டைகளை எளிதில் எடுக்கலாம்.

புறக்கோட்டை நூல் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் பின்னல் நூலைப் பச்சை அல்லது மண்ணிறத்தில் வாங்குங்கள். பருத்தி நூலும் ஆட்டுக் கம்பளியும் அழுகிவிடும். நூலை ஒரு புத்தகத்தைச் சுற்றி ஐம்பது அறுபது சுற்றுகள் சுற்றி, ஒருமுனையில் இறுகக் கட்டி, மறுமுனையை வெட்டிவிட்டால் குஞ்சம் தயார். சாயம் போகும் வரை கொதிநீரில் இட்டு அலசி, கட்டிய முனையில் ரெஜிபோம் துண்டொன்றைச் செருகி மிதக்கவிடுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை குஞ்சத்தைப் பிழிந்து வெளிச்சத்தில் இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். முட்டை ஒரு மில்லிமீற்றரைச் சற்று ஒட்டியதாக, கண்ணாடி மணிபோல் தெரியும். மீன் முட்டையைக் கையால் தொட்டால் உடைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். கில்லி முட்டையின் ஓடு உறுதியானது. விரலால் எடுக்கும்போது நசுங்கும் முட்டை பெரும்பாலும் கருக்கூடாததே. எடுத்தவற்றைத் தொட்டி நீர் நிரப்பிய ஆழமற்ற பெட்டியில் இட்டு, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் பொரிக்கும்; கொழும்பு வெப்பத்தில் சில நாள் முந்தியும் பொரிக்கலாம்.

முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சுபோல் படர்கின்றனவே?

அது பங்கசு. கருக்கூடாத முட்டையில் தொடங்கி அருகிலுள்ள நல்ல முட்டைக்கும் பரவும். நாள்தோறும் பார்த்து, வெண்மையானவற்றை உடனே அகற்றுங்கள். நீர் இளநீல நிறம் பெறும் அளவுக்கு மெதிலீன் நீலம் ஓரிரு துளி இடலாம். பெரும்பாலான முட்டைகள் வெண்மையானால் மருந்தை மாற்றிப் பயனில்லை. ஆண் மீன் மிக இளையதா, முதியதா, தீனி போதாதா என்று பாருங்கள்.

சில கில்லிகளின் முட்டைகளைக் காய வைக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை, கில்லி வளர்ப்பின் வியப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மொசாம்பிக், தன்சானியா, சிம்பாப்வே போன்ற நாடுகளின் புல்வெளிகளில் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் குட்டைகள் உள்ளன. நொதோபிராங்கியஸ் மீன்கள் அவற்றில் பொரித்து, சில வாரங்களில் முதிர்ந்து, நாள்தோறும் சேற்றுக்குள் முட்டையிட்டு, குட்டை வற்றும்போது ஒன்றுவிடாமல் இறந்துபோகும். அடுத்த மழை வரை அவ்வினம் முழுவதும் சேற்றுக்குள் முட்டையாக மட்டுமே இருக்கும். நொதோபிராங்கியஸ் பர்சரி என்ற இனம் இயற்கையில் பொரித்துப் பதினான்கு, பதினைந்து நாட்களிலேயே இனப்பெருக்க முதிர்ச்சி அடைவது 2018இல் பதிவாயிற்று. முதுமையை ஆராயும் ஆய்வுகூடங்களில் அதே மீன் இன்று பெரிதும் பயன்படுகிறது.

முட்டைக்குள் முளையம் மூன்று வெவ்வேறு கட்டங்களில் வளர்ச்சியை நிறுத்தி உறங்கக்கூடியது. எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. முதல் மழை ஏமாற்றிவிட்டு வெயில் திரும்பினால் பொரித்தவையெல்லாம் மாண்டுபோகும். உறங்கிக்கொண்டிருந்தவை அடுத்த மழைக்கு எஞ்சும். விதைநெல் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாத உழவனின் கணக்கு அது.

அந்த முறையை வீட்டில் எப்படிச் செய்வது?

மூடியில் துளையிட்ட பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பீற் எனப்படும் கரிச்சேற்றுத் தூளை இட்டுத் தொட்டியின் அடியில் வையுங்கள். அது விலை கூடியது. தென்னந்தும்புத் தூளே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருக்கக்கூடுமாதலால், நீர் தெளியும் வரை பலமுறை கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். மீன்கள் துளை வழியே நுழைந்து தூளுக்குள் முட்டையிடும்.

ஒன்றிரண்டு வாரத்துக்கொருமுறை தூளை வலையில் வடித்து, கையால் பிழிந்து, பழைய நாளிதழின் மேல் சில மணிநேரம் உலரவிடுங்கள். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பிட்டுக்கு மா குழைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தேய்த்தால் உதிர வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் பொலித்தீன் பையிலிட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, மீனின் பெயரையும் தேதியையும் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். எழுதுவது மிக முக்கியம். பெயரெழுதாமல் நான் வைத்திருந்த ஒரு பையைப் பசளை என்று எண்ணி அம்மா குரோட்டன் சாடியில் கொட்டிவிட்டார். அதில் நூறு முட்டைகளாவது இருந்திருக்கும்.

முட்டை முற்றுவதற்கு, நொதோபிராங்கியஸ் மீன்களுள் சன்சிபாரைச் சேர்ந்த குந்தரி இனத்துக்கு 24 பாகையில் ஏறத்தாழ மூன்று மாதமும், ரக்கோவி இனத்துக்கு ஐந்து ஆறு மாதமும் ஆகும் என்று பொதுவாகக் கொள்வர். நம் வெப்பத்தில் குந்தரி முட்டைகள் பல வாரங்கள் முன்னதாகவே முற்றிவிடும். ஆகவே நாட்காட்டியை நம்பாமல் முட்டையைப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் முளையத்தின் கண்கள் பொன்வளையத்தோடு தெளிவாகத் தெரிந்தால் அது பொரிக்கத் தயார்.

பொரிக்க வைப்பது எப்படி?

தூளை ஆழமற்ற பெட்டியிலிட்டு ஐந்து ஆறு சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். 18 முதல் 20 பாகை நீர் வேண்டும்; குளிர்சாதனப் பெட்டியில் வைத்த குளோரினற்ற நீரைச் சாதாரண நீரோடு கலந்தால் கிடைத்துவிடும். சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் துடிப்பதைக் காணலாம். மறுநாள் மாலைவரை எதுவும் தெரியாவிட்டால் தூளை எறிந்துவிடாதீர்கள். மீண்டும் அதே பதத்துக்கு உலர்த்தி மூன்று நான்கு வாரம் கழித்து நனையுங்கள். இரண்டாம் நனைப்பில் முதல் முறையைவிடக் கூடுதலாகப் பொரித்த பைகளும் என்னிடம் இருந்தன.

குஞ்சுகள் அடியிலேயே தவழ்கின்றன. ஏன்?

நீச்சற்பையில் காற்று நிரம்பாத குஞ்சுகள் அவை. முட்டை முற்றுவதற்கு முன்போ, முற்றி மிகவும் காலம் கடந்த பின்போ நனைப்பது இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆழமான நீரில் பொரிக்க வைத்தாலும் நேரும். அவை தேறுவதில்லை, அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

குஞ்சுகளுக்கு முதல் தீனி என்ன?

நொதோபிராங்கியஸ் குஞ்சுகளில் பெரும்பாலானவையும் அப்லோகீலஸ் குஞ்சுகளும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை முதல் நாளிலிருந்தே தின்னும். ஒரு லீற்றர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பிட்டுக் காற்றோட்டம் கொடுத்தால், கொழும்பு வெப்பத்தில் ஒரே நாளில் ஆர்ட்டீமியா பொரித்துவிடும். நம் வெப்பம் நமக்குச் செய்யும் நன்மைகளுள் அது ஒன்று. மிகச் சிறிய குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாள் இன்ஃபுசோரியா எனப்படும் நீர்வாழ் நுண்ணுயிர்கள் தேவைப்படலாம். ஓட்ஸ் கூழில் வளரும் நுண்புழுக்களும் உதவும். நாளுக்கு இருமுறை கொடுத்து, எஞ்சியதை உறிஞ்சி அகற்றுங்கள். வாரந்தோறும் அளவு பார்த்துப் பிரிக்காவிட்டால் பெரிய குஞ்சு சிறியதைத் தின்றுவிடும்.

மீனின் உடலில் பொன்னிறப் பொடி தூவியதுபோல் தெரிகிறது. என்ன செய்வது?

வெல்வெட் நோய் எனப்படும் ஒட்டுண்ணித் தொற்று அது. நொதோபிராங்கியஸை அழிப்பதில் முதலிடம் அதற்கே. கைமின்விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் பொடி தெளிவாகத் தெரியும். துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு பொருட்களில் உராய்வதும் அறிகுறி. வராமல் தடுக்க, நொதோபிராங்கியஸ் தொட்டியில் ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அயடின் சேர்க்காத உப்பு எப்போதும் இருக்கட்டும். வந்துவிட்டால் தொட்டியைத் துணியால் மூடி இருளாக்கி, உப்பைப் படிப்படியாக இரு மடங்காக்குங்கள். செம்பு கலந்த மருந்து வேலை செய்யும். ஆனால் அளவு தவறினால் மீனையும் கொல்லும், இறாலையும் நத்தையையும் தவறாமலே கொல்லும்.

வேறு மீன்களோடு சேர்த்து வளர்க்கலாமா?

அப்லோகீலஸ் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் தின்னும். கப்பிக் குட்டிகள் எஞ்சா. அதே அளவுள்ள சாதுவான மீன்களோடு விடலாம். இனப்பெருக்கம் நோக்கமென்றால் தனித்தொட்டியே சரி. இரு கில்லி இனங்களையோ, ஒரே இனத்தின் வேறு வேறு இடத்து மீன்களையோ கலக்காதீர்கள். பெண் மீன்கள் ஒன்றுபோலவே தோன்றுவதால், கலந்தபின் பிரிக்க வழியில்லை.

மின்வெட்டு நேர்ந்தால்?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, என் கில்லிகளுள் ஒன்றுகூட அதனால் இறக்கவில்லை. குறைந்த மீன்கள், நிறைந்த செடி, அகன்ற நீர்ப்பரப்பு இருந்தால் காற்று இயந்திரமின்றியும் அவை தாங்கும். மின்சாரமில்லாத நேரத்தில் தீனி மட்டும் போடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து முட்டைகளைத் தபாலில் வரவழைக்கலாமா?

ஈரத் தூளில் பொதிந்த முட்டைகள் வாரக்கணக்கில் பயணம் செய்யக்கூடியவை என்பதால் உலகின் பல பகுதிகளில் அப்படித்தான் பரிமாறுகிறார்கள். ஆனால் உயிரினங்களை நாட்டுக்குள் கொண்டுவர முன்னனுமதி வேண்டும். பணம் செலுத்துவதற்கு முன்பே அதைப் பெறுங்கள்.

மிஞ்சிய குஞ்சுகளை அருகிலுள்ள வாய்க்காலில் விடலாமா?

கூடாது, நம் நாட்டு இனமாக இருந்தாலும் கூடாது. தொட்டியிலிருந்து வெளியேறிய கத்தி மீன் பெல்லன்வில அத்திடிய ஈரநிலத்தில் குடியேறி, அங்கிருந்த சிறு மீன்களை இரையாக்கி வருகிறது. வேறோர் ஓடையின் டேயியை உங்கள் பகுதி ஓடையில் விட்டால், தொட்டி நோயையும் அதோடு சேர்த்து விடுகிறீர்கள். அவ்வோடைக்கே உரிய வம்சமும் கலந்து போகும். வளர்க்க விரும்புபவருக்குப் பெயரும் மீன் வந்த இடமும் எழுதிய சீட்டோடு கொடுங்கள். பெற ஆளில்லாத வாரங்களில் நூற்குஞ்சத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டால், இட்ட முட்டைகளைப் பெரிய மீன்களே தின்றுவிடும்.